சின்ன டோஸ் வலி ஊசி: புதிதாக டூட்டிக்கு வரும் நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டு கிலோ குழந்தை. அறுவைசிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பது மார்ஃபின் 0.6 மி.கி., ஐ.வி. (சிரை வழியாக), மெதுவாக. உங்கள் கையில் இருக்கும் ஆம்பியூலில் (கண்ணாடி மருந்துக்குப்பியில்) 1 மி.லி.க்குள் 10 மி.கி. மார்ஃபின் இருக்கிறது. கணக்குப் போட்டால் 0.06 மி.லி. வருகிறது. ஏறக்குறைய ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டை எந்த சிரிஞ்சில், எப்படி அளப்பீர்கள்?

புதுச்சேரியிலும் கடலூரிலும் நர்சிங் படித்துவிட்டு முதல் வேலைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், சூத்திரத்தை மளமளவென்று சொல்லிவிடுகிறார்கள். ஆம்பியூலைக் கையில் கொடுத்ததும்தான் தயக்கம் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தத் தயக்கத்துக்காக. டாக்டரின் எழுத்து உத்தரவும் மேற்பார்வையும் உள்ள இடத்துக்கு மட்டுமே இது பொருந்தும். எவ்வளவு மருந்து என்று முடிவு செய்வது டாக்டர். அந்த அளவைக் கூடாமல் குறையாமல் நோயாளிக்குள் சேர்ப்பது நம் வேலை. வீட்டில் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ள வழி தேடுகிறவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி ஊசியில் அதிகமாகப் போட்டுவிடுவது மட்டும் ஆபத்து என்று நினைக்கிறோம். பயத்தில் போடாமலே விடுவதும் நோயாளிக்கு நாம் செய்யும் தீங்குதான். "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று டாக்டர் எழுதிவைத்த மார்ஃபினை, கணக்கில் நம்பிக்கை இல்லாமல் விடியும்வரை தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அந்த இரவு முழுக்க ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். கணக்கு கைக்கு வந்துவிட்டால் இந்தப் பயம் பெருமளவு போய்விடும்.

உத்தரவைப் படிக்கும்போது

மருந்தின் பெயர், அளவு, அலகு, எந்த வழி, எத்தனை மணிக்கு ஒரு முறை. இந்த ஐந்தும் தெளிவாக இல்லை என்றால் ஆம்பியூல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, திரும்ப எழுதச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் கூப்பிடுங்கள்.

புள்ளிகளைக் கவனியுங்கள். "1.0" என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகத் தெரியும். ".5" என்று எழுதினால் 5 ஆகத் தெரியும். நீங்கள் எழுதும்போது 1 என்றும் 0.5 என்றும் மட்டும் எழுதுங்கள். மைக்ரோகிராம் என்பதற்கான சுருக்கக் குறியீட்டை அவசரக் கையெழுத்தில் எழுதினால் மில்லிகிராம் போலவே இருக்கும். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம் என்பதால் அங்கே வரும் தவறு ஆயிரம் மடங்குத் தவறு. மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

"அரை ஆம்பியூல்" என்ற உத்தரவை ஏற்காதீர்கள். நம் நாட்டில் மார்ஃபின் ஊசி 1 மி.லி.க்கு 10 மி.கி. என்றும் வருகிறது, 15 மி.கி. என்றும் வருகிறது. அரை ஆம்பியூல் ஓர் இடத்தில் 5 மி.கி., இன்னோர் இடத்தில் 7.5 மி.கி. நம் பக்கத்தில் இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கை இல்லை. ஜிப்மரில் சிகிச்சை எடுத்துவிட்டு பண்ருட்டிக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ திரும்பும் நோயாளி, அடுத்த வாரம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் வந்து படுப்பார். ஒரு ஊரில் எழுதிய சீட்டை வேறு ஊரின் ஸ்டாக்கை வைத்துப் படிக்கிறோம். மி.கி. என்று எழுதியிருந்தால் மட்டுமே அது எங்கே போனாலும் அதே அளவாக இருக்கும்.

குழந்தை என்றால் எடையை இன்றைக்கு நீங்களே பாருங்கள். அம்மா சொல்லும் எடை போன தடுப்பூசி நாளின் எடையாக இருக்கலாம். பெரியவர்களுக்கு, கடைசியாக எப்போது வலி மருந்து கொடுத்தார்கள், தூக்க மருந்து ஏதும் ஓடுகிறதா, சிறுநீரகம் எப்படி என்று பாருங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் சிதைபொருள்கள் வெளியேறாமல் உடம்பில் சேரும். அதனால் வழக்கமான டோஸே அவர்களுக்கு மிஞ்சிப்போகலாம். மழைக்காலத்தில் டெங்குவோடு வருகிறவருக்கு உடம்புவலி என்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை எழுதியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அந்த வகை மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

சிரிஞ்ச் எதைக் காட்டும், எதைக் காட்டாது

2 மி.லி. சிரிஞ்சில் ஒரு கோடு 0.1 மி.லி. 5 மி.லி. சிரிஞ்சில் ஒரு கோடு பெரும்பாலும் 0.2 மி.லி. 10 மி.லி. சிரிஞ்சில் கோட்டின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எடுத்தவுடன் எண்ணிப் பாருங்கள். 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் ஒரு கோடு 0.01 மி.லி. சின்ன டோஸுக்கு நம் துணை அதுதான். ஆனாலும் 0.1 மி.லி.க்குக் கீழே அதையும் நம்ப வேண்டாம். கோடு இருக்கிறது, ஆனால் கை அவ்வளவு துல்லியம் இல்லை. 0.06 எடுக்கப்போய் 0.08 வந்தால் மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

இன்சுலின் சிரிஞ்சை வலி ஊசிக்கு எடுக்காதீர்கள். அதில் இருப்பது யூனிட் கோடு. நம் ஊர்க் கடைகளில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் வகையும், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் வகையும் இரண்டும் கிடைக்கும். 10 மி.கி. ஆம்பியூலில் இருந்து "10" என்ற கோடுவரை இழுத்தால், சிவப்பில் அது 0.25 மி.லி., அதாவது 2.5 மி.கி. ஆரஞ்சில் அது 0.1 மி.லி., அதாவது 1 மி.கி. ஒரே ஆம்பியூல், ஒரே எண், இரண்டு வெவ்வேறு டோஸ். போதாக்குறைக்கு அந்த 10-ஐ யாராவது 10 மி.கி. என்று நினைத்துவிடவும் வாய்ப்புண்டு.

அளவைப் படிக்கும்போது சிரிஞ்சைக் கண்மட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள். கறுப்பு ரப்பரின் கூம்பு நுனியைப் பார்க்கக் கூடாது. சிரிஞ்சின் சுவரை ஒட்டி இருக்கும் முதல் வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு.

கணக்கு

கல்லூரியில் சொல்லிக்கொடுத்த சூத்திரமே போதும். வேண்டிய அளவை, இருக்கும் அளவால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதால் பெருக்குங்கள். 0.6-ஐ 10-ஆல் வகுத்து 1-ஆல் பெருக்கினால் 0.06 மி.லி. இங்கேதான் நிற்க வேண்டும். விடை 0.1-க்குக் கீழே வந்தால் நேராக இழுக்காமல் சலைன் சேர்த்து டைல்யூட் செய்யுங்கள்.

எவ்வளவு டைல்யூட் செய்வது? 1 மி.லி.யில் 1 மி.கி. வருகிற மாதிரி. அப்படிச் செய்துவிட்டால் அதற்கப்புறம் கணக்கே தேவையில்லை. 0.6 மி.கி. வேண்டுமா, 0.6 மி.லி. தூக்கம் கலையாத இரவு டூட்டியில் மூளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது போகப்போகத் தெரியும்.

10 மி.கி. ஆம்பியூல் என்றால் 1 மி.லி. மருந்தோடு 9 மி.லி. நார்மல் சலைன், மொத்தம் 10 மி.லி. 15 மி.கி. ஆம்பியூல் என்றால் 1 மி.லி. மருந்தோடு 14 மி.லி., மொத்தம் 15 மி.லி., அதற்கு 20 மி.லி. சிரிஞ்ச் எடுக்க வேண்டும். பழக்கத்தில் 15 மி.கி. ஆம்பியூலுக்கும் 9 மி.லி. சேர்த்துவிட்டால் 1 மி.லி.யில் 1.5 மி.கி. நிற்கும். அந்தக் குழந்தைக்கு 0.6 மி.லி. போட்டால் போவது 0.9 மி.கி. டாக்டர் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஆம்பியூலின் மேல் எழுதியிருப்பதை உரக்கப் படியுங்கள் என்கிறேன். நேற்றும் இதே பெட்டியிலிருந்துதான் எடுத்தோம் என்பது காரணமாகாது.

இன்னொரு வலி மருந்தான ஃபென்டனிலில் எண்கள் மைக்ரோகிராமில் ஓடும். வழக்கமாக 2 மி.லி. ஆம்பியூலில் 100 மைக்ரோகிராம். அதோடு 8 மி.லி. சலைன் சேர்த்தால் 1 மி.லி.யில் 10 மைக்ரோகிராம். பத்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் எழுதியிருந்தால் 1 மி.லி. இதை வேகமாகத் தள்ளக் கூடாது. வேகமாகப் போனால் நெஞ்சுத் தசைகள் விறைத்துக்கொண்டு மூச்சே உள்ளே போகாத நிலை வரும். சிசுக்களுக்கு இது இன்னும் அதிகம். அம்பு பேக்கும் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) ஆக்சிஜனும் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் ஃபென்டனிலைத் தொடாதீர்கள்.

கலக்கும் முறை

இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் வேண்டும், பேச்சு கூடாது. யாராவது "சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிடுச்சு" என்று கூப்பிட்டால், ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டுத் தொடருங்கள். பாதியில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடராமல் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள். கரண்ட் போனால் வரும்வரை காத்திருங்கள், அல்லது இன்னொருவர் டார்ச் பிடிக்கட்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு, நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. இங்கே ஒவ்வொரு வார்டின் ஊசி ட்ரேயிலும் ஒரு டார்ச் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கையைக் கழுவுங்கள். ஆம்பியூலின் கழுத்தில் நிற்கும் மருந்தை விரலால் சுண்டி இறக்குங்கள். கழுத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, புள்ளி உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, பஞ்சை வைத்து உங்களுக்கு எதிர்த்திசையில் உடையுங்கள். உடைக்கும்போது கண்ணாடித் துகள் உள்ளே விழும். அதனால் மருந்தை மெல்லிய நீடிலால், ஆம்பியூலின் அடித்தரையைத் தொடாமல் இழுத்து, நோயாளிக்குப் போடும் முன் நீடிலை மாற்றிவிடுங்கள்.

10 மி.லி. சிரிஞ்சில் முதலில் 9 மி.லி. சலைன். அந்த சலைன் குப்பியின் லேபிளையும் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் பார்வைக்கு அதேபோல இருக்கும், மாறிப்போனால் இதயம் நின்றுவிடும். பிறகு அதே சிரிஞ்சில் 10 கோடுவரை மருந்தை இழுங்கள். ஆம்பியூலில் 1 மி.லி.க்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். வீணாகிறதே என்று அதையும் உறிஞ்ச வேண்டாம். கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, சிரிஞ்சைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். கலக்காத நன்னாரி சர்பத்தில் சிரப் அடியில் நிற்பதுபோல மருந்தும் ஒரு பக்கமாக நிற்கும். கலந்த பின் காற்றை வெளியேற்றுங்கள்.

உடனே லேபிள். மார்ஃபின், 10 மி.லி.யில் 10 மி.கி., 1 மி.லி.யில் 1 மி.கி., தேதி, நேரம், உங்கள் கையெழுத்து. இந்தக் கடற்காற்று ஈரத்தில் சாதாரண பேனா மை வியர்வைக் கை பட்டாலே அழிந்துவிடும். அழியாத மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். லேபிள் இல்லாமல் ஒரு சிரிஞ்ச் ட்ரேயில் கிடந்தால், அது நீங்களே வைத்ததாக இருந்தாலும், கொட்டுவதுதான் வழி.

அந்தச் சிரிஞ்சிலிருந்து த்ரீவே (மூன்று வாய் உள்ள இணைப்பான்) வழியாக 1 மி.லி. சிரிஞ்சுக்கு 0.6 மி.லி. எடுத்து, காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டோஸில் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு குமிழி இங்கே டோஸின் ஆறில் ஒரு பங்காக இருக்கலாம்.

டைல்யூட் செய்யாமல் நேராக இழுப்பது ஏன் தவறு என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. சிரிஞ்சின் மூக்கிலும் நீடிலுக்குள்ளும் கோட்டில் தெரியாத மருந்து தங்கி நிற்கும். சாதாரண சிரிஞ்சில் இது 0.05 முதல் 0.1 மி.லி. வரை இருக்கும். நீங்கள் ஆம்பியூலிலிருந்து நேராக 0.06 மி.லி. இழுத்துவிட்டு, "கொஞ்சம் சலைன் சேர்த்துக்கறேன்" என்று அதே நீடிலால் சலைனை இழுத்தால், மூக்கில் நின்ற மருந்தும் உள்ளே வந்துவிடும். குழந்தைக்குப் போவது இரண்டு மடங்கு டோஸ். கணக்கு சரி, கோடு சரி, டோஸ் தவறு. இதே காரணத்தால்தான், போட்டு முடித்ததும் அதே சிரிஞ்சில் ரத்தத்தையோ சலைனையோ பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளக் கூடாது. குழாயில் நிற்கும் மருந்தை உள்ளே தள்ளி ஃபிளஷ் செய்ய, சலைனுக்குத் தனிச் சிரிஞ்ச்.

இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் கலப்பதும் வேண்டாம். டிராமடாலையும் டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்து ஒரே குத்தாகப் போடும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்ப்பீர்கள். இரண்டும் சேராது, வீழ்படிவு விழும்.

பாராசிட்டமால் பாட்டில்

மார்ஃபினுக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை. 100 மி.லி. பாட்டிலில் 1000 மி.கி., அதாவது 1 மி.லி.யில் 10 மி.கி. நான்கு கிலோ சிசுவுக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. என்று எழுதியிருந்தால் 30 மி.கி., அது 3 மி.லி. இந்த "30"-ஐ மி.லி. என்று படித்துவிட்டால் பத்து மடங்கு மருந்து போய், ஈரல் கெடும். உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் தவறு இது. பாட்டிலைக் குழந்தையின் கட்டிலில் தொங்கவிடாதீர்கள். வேண்டிய 3 மி.லி.யைச் சிரிஞ்சில் எடுத்து, பாட்டிலை அந்த இடத்திலிருந்தே அகற்றிவிட்டு, 15 நிமிடத்தில் செலுத்துங்கள்.

இரண்டாவது ஆள்

கூட இருக்கும் சிஸ்டரிடம் "அக்கா, 0.6 சரிதானே?" என்று கேட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். அது சரிபார்ப்பு ஆகாது. கேஸ் ஷீட்டையும் காலி ஆம்பியூலையும் கொடுத்து, "நீங்க போட்டுப் பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் விடையைச் சொல்லாதீர்கள். அவர் தனியாகப் போட்ட கணக்கும் உங்களுடையதும் ஒன்றாக வந்தால் போடலாம். வேறாக வந்தால் யார் சீனியர் என்பது முக்கியமில்லை, இருவருமாக டாக்டரிடம் போங்கள். புதிதாக வந்தவள் கேள்வி கேட்கிறாளே என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் நோயாளிக்கு

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்குப் போகிறது. புற்றுநோய் முற்றியவருக்கு மாத்திரை விழுங்க முடியாமல் போகும்போது, தோலுக்கடியில் ஒரு ஸ்கால்ப் வெயின் (மெல்லிய குழாய் கோத்த சின்ன ஊசி) வைத்து அதன் வழியாகச் சின்ன டோஸ் மார்ஃபின் கொடுப்பதுண்டு. 2.5 மி.கி. என்றால் 10 மி.கி. ஆம்பியூலில் 0.25 மி.லி., இதை 1 மி.லி. சிரிஞ்சில் நேராகவே எடுக்கலாம். ஸ்கால்ப் வெயின் குழாய் வெறுமையாக இருந்தால் முதல் டோஸில் ஒரு பகுதி குழாயிலேயே நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாய்வழி மார்ஃபினும் ஊசி மார்ஃபினும் எண்ணுக்கு எண் சமம் இல்லை. மாத்திரையில் 10 மி.கி. எடுத்தவருக்கு ஊசியில் அதே 10 போட்டால் இரண்டு, மூன்று மடங்கு பலம். மாற்றுக் கணக்கை டாக்டர்தான் எழுத வேண்டும். பழைய மாத்திரைச் சீட்டைப் பார்த்து ஊசி டோஸை நாமாக ஊகிக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள்: "சிஸ்டர், அவரு துடிக்கிறாரு, இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டுடுங்க." அதட்டாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "இருங்கம்மா, இப்பவே டாக்டருக்குப் போன் போடறேன்" என்று சொல்லி, அவர்கள் முன்னாலேயே போன் போடுங்கள். வலி அடங்கவில்லை என்பது டாக்டருக்கு உடனே தெரிய வேண்டிய செய்தி.

போட்ட பிறகு

ஐ.வி. மார்ஃபினை ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்துங்கள். முழு வேகம் காட்ட இருபது நிமிடம்வரை ஆகும், அதனால் ஐந்தாம் நிமிடத்தில் "இன்னும் வலிக்குது" என்றதும் மறுடோஸ் கேட்டு ஓட வேண்டாம். பக்கத்திலேயே இருந்து மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பாருங்கள். அசதியும் மயக்கமும் மூச்சு குறைவதற்கு முன்னாலேயே வரும். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, பெரியவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போகிறது என்றால் ஆளைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சுவழியைத் திறந்து, மார்ஃபினின் வேகத்தை முறிக்கும் நாலோக்சோனை எடுங்கள். குழந்தைகளின் மூச்சு எண்ணிக்கை வயதுக்கேற்ப மாறும், அந்த அட்டவணையை வார்டில் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.

நாலோக்சோன் ஆம்பியூலில் 1 மி.லி.க்கு 0.4 மி.கி. நெடுநாள் மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளிக்கு அதை 9 மி.லி. சலைனில் கலந்து, 1 மி.லி.யாக இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, மூச்சு திரும்பும்வரை கொடுப்பது வழக்கம். முழுதையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் அடக்கி வைத்த வலியெல்லாம் ஒன்றாகத் திரும்பிவரும். மூச்சே நின்றுபோன அவசரம் வேறு, அங்கே டாக்டர் சொல்லும் அளவுதான். நாலோக்சோனின் வேகம் மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று நம்பி நகர்ந்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி மூச்சு இறங்கலாம்.

மிச்சமும் பதிவும்

10 மி.கி. ஆம்பியூலில் 0.6 போட்டால் 9.4 மி.கி. மிச்சம். சாட்சி முன்னால் கொட்டி, இருவரும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுங்கள். மார்ஃபினும் ஃபென்டனிலும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை. 2014-இல் வந்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இவற்றை வாங்கி வைப்பதைச் சுலபமாக்கியது. டிராமடாலும் 2018 முதல் இதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. எண்ணிக்கை இடித்தால் மருந்தே வார்டுக்கு வராமல் போகும் நிலை உண்டாகும், அதனால் பாதிக்கப்படுவது வலியோடு படுத்திருப்பவர்தான்.

டூட்டி ஒப்படைக்கும்போது "அரை மி.லி. கொடுத்தாச்சு" என்று சொல்லாதீர்கள். மார்ஃபின் 0.6 மி.கி., இரவு 11.40-க்கு, வலி பத்துக்கு எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது, மூச்சு இவ்வளவு, அடுத்த டோஸ் இத்தனை மணிக்கு முன்னால் வேண்டாம் என்று மி.கி.யில் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டு, அடுத்து வருகிறவரைக் கட்டிலுக்கே அழைத்துப்போய்க் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.